நட்சத்திரக் குறிக்குக் கீழே

எங்கள் சோதனை அறையில் எப்போதும் பதினாறு டிகிரி.
மாரத்தஹள்ளி வெயில் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும்,
அடையாள அட்டை இல்லாத விருந்தாளியாக.
புதுக் கணினியை மேசையில் வைத்து
வைஃபையை அணைத்து
வேறெதையும் திறக்காமல்
பதினோரு முறை ஓட்டுவேன்.
பத்து ஓட்டங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
மிச்சமுள்ள ஒன்று
விமான நிலையச் சாலையில் விளம்பரப் பலகை ஏறும்:
இரண்டரை மடங்கு வேகம்.
எதைவிட என்பது
நட்சத்திரக் குறிக்குக் கீழே,
எறும்பு படிக்கிற எழுத்தில்.
அந்த வரியைத் தட்டச்சு செய்வதும் நான்தான்.

சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்கு
ஒரு கீபோர்டு வாங்கப் போயிருந்தேன்.
கேவல்சந்த் கடையில் எங்கள் கணினி,
நெற்றியில் அந்த எண்ணை ஒட்டிக்கொண்டு.
அதன் எதிரே லிங்கராஜபுரத்து அமலோற்பவம்,
கைப்பைக்குள் விட்ட கை
பென் டிரைவோடு வெளியே வந்தது.
"நம்பரை விடுங்க. இதைத் திறந்து காட்டுங்க."

உள்ளே ஒரு பேனர். நாற்பதடி.
பிளெக்ஸுக்குத் தடை வந்தபின் துணியில் அடிக்கிறாளாம்.
பூப்பல்லக்கு உபயதாரர்கள் நூற்றுப்பதினாறு பேர்,
ஒவ்வொரு தலைக்குப் பின்னும் ஒளிவட்டம்,
ஒவ்வொரு ஒளிவட்டத்துக்கும் ஒரு நிழல்.

கேவல்சந்த் சொடுக்கினார்.
வட்டம் சுற்றியது.
அவள் கைப்பேசியில் விநாடி ஓடியது.
டோனர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு
ஓர் ஆட்டோக்காரரும் எட்டிப் பார்த்தார்.
"என் வண்டிக்கும் முப்பத்தஞ்சு மைலேஜுன்னான் சார்.
அவன் சில்க் போர்டு பக்கம் வந்ததே இல்ல போல."
தேநீர்ப் பையன் நின்றான். டம்ளர்கள் ஆறின.
வட்டம் இன்னும் சுற்றியது.

நாற்பத்தொன்பது.
"வீட்டுல இருக்கிற கிழட்டுப் பெட்டி
ஐம்பத்தெட்டுல திறக்குது."
கல்லாவிலிருந்த கால்குலேட்டரை இழுத்துத் தட்டினாள்.
அறுபத்தெட்டாயிரம், வகுத்தல் ஒன்பது.
"விநாடிக்கு ஏழாயிரத்து ஐந்நூத்தி ஐம்பத்தஞ்சு.
மிச்சம் சில்லறை. அதை நீங்களே வச்சுக்கங்க."

கம்பெனிக்காரன் பொய் சொல்லமாட்டான் என்றார் கேவல்சந்த்.
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.
அவள் சிரிக்கவில்லை.
"பொய்யின்னு நான் சொன்னேனா?
என் பேனர்ல எல்லாருமே சிங்கம்தான்.
சீட்டுப் பணத்தோட ஓடினவனும் சிங்கம்.
அவன் அடிக்கச் சொன்னான், அடிச்சேன்.
எந்த எழுத்து எவ்வளவு பெருசுன்னா
எவ்வளவு காசுன்னு
எனக்குத் தெரியாதா?"

பிறகு என் பக்கம் திரும்பி,
"நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க,
இந்த இரண்டரை எங்கேர்ந்து வந்தது?"
என் அடையாள அட்டை சட்டைப்பையில்தான் இருந்தது,
முகம் உள்பக்கமாக.
தெரியலீங்க என்றேன்.
அந்தக் கோப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
எதுக்கு என்று அவள் கேட்கவில்லை.
கீபோர்டை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை, பதினாறு டிகிரியில்
அதைப் பதினோரு முறை திறந்தேன்.
நாற்பத்தேழுக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை.
மேலாளர் ஷிரீஷ் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
"நல்ல பேனர். ஆனா இது நம்ம பட்டியல்ல இல்லையே."
கோபமாகச் சொல்லவில்லை.
கேன்டீனில் தோசை தீர்ந்துவிட்டதென்று
சொல்வதைப் போல.

அவர் போனபின் பன்னிரண்டாவது முறை சொடுக்கினேன்.
எந்தக் கணக்குக்கும் அல்ல.
முதலில் ஒளிவட்டங்கள் வந்தன, ஆட்களே இல்லாமல்.
பிறகு மீசைகள். தங்கச் சங்கிலிகள்.
கடைசியாகக் கைகள்:
நூற்றுப்பதினாறு பேரும்
ஒவ்வொருவராக
என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

பதில் கும்பிடு போடத் தோன்றியது.
மற்ற சன்னலில்
அடுத்த மாத விளம்பரத்துக்கான சிறிய வரி
பாதியில் நிற்கிறது,
நட்சத்திரம் மட்டும் போட்டிருக்கிறேன்.